கோட்டைப் பார்க்காதீர்கள்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 41. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. பைக் ஓட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. கல்லூரியில் படிக்கும் என் மகன் அவனுடைய 150 சிசி கியர் வண்டியில் இரண்டு மாதமாகக் கற்றுக்கொடுத்தான். நேர் ரோட்டில் நன்றாகவே ஓட்டுகிறேன், நான்காவது கியர் வரை போகிறேன். ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது இரண்டு முறை தோற்றுவிட்டேன். முதல் தடவை பாதியில் கால் ஊன்றிவிட்டேன். இரண்டாம் தடவை வலது பக்க வளைவில் வண்டி ஆஃப் ஆகி, வண்டியோடு சாய்ந்துவிட்டேன். கோட்டையே பார்த்துக்கொண்டுதான் போனேன், அப்படியும் கோட்டின் மேல் ஏறிவிட்டது. "நீ பயப்படுறம்மா, அவ்வளவுதான்" என்கிறான் மகன். ஹெல்மெட் போட்டால் கழுத்தே திரும்ப மாட்டேன் என்கிறது, அதனால் பழகும்போது போடுவதில்லை.

அடுத்த டெஸ்டுக்கு மூன்று வாரம் இருக்கிறது. என் வயதுக்கு இது வராதா? பேசாமல் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிவிடலாமா? "தெரிந்த ஆள் இருக்கிறார், வண்டியில் ஏறாமலே வாங்கித் தருவார்" என்கிறார் கொழுந்தனார். என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் அதிலேயே இருக்கிறது. "கோட்டையே பார்த்துக்கொண்டுதான் போனேன், அப்படியும் கோட்டின் மேல் ஏறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'அப்படியும்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'அதனால்தான்' என்று எழுதிக்கொள்ளுங்கள். கோட்டைப் பார்த்ததால்தான் கோட்டில் ஏறினீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எட்டில் தோற்பவர்களில் பெரும்பாலானவர்களின் பார்வை முன்சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் தரையில்தான் கிடக்கும். இரண்டு சக்கர வண்டி கண் போகிற இடத்துக்குப் போகும். கண் எங்கே போகிறதோ அங்கே தலை திரும்பும், தலையோடு தோள் திரும்பும், தோளோடு கை. கடைசியில் ஹேண்டில். சாலையில் கிடக்கும் ஒரே ஒரு கல்லைத் 'தவிர்க்க வேண்டும்' என்று முறைத்துப் பார்த்துக்கொண்டே போய் அதன் மேலேயே ஏற்றிய அனுபவம் சைக்கிள் ஓட்டிய காலத்தில் உங்களுக்கும் இருந்திருக்கும். அதேதான் இது.

எனவே முதல் நான்கு நாள் வண்டியைத் தொடாதீர்கள். தரையில் எட்டை வரைந்து அதில் நடங்கள். சிரிக்காதீர்கள், என்னிடம் வருகிற எல்லோரையும் நடக்க வைத்துத்தான் வண்டியில் ஏற்றுகிறேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வளைவு தொடங்கும் முன்பே தாடை தோளுக்கு நேராக வருகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கால் எங்கே படுகிறது என்று குனிந்து பார்க்கக் கூடாது. பத்துச் சுற்று நடந்ததும் ஒன்று தெரியும்: கோட்டைப் பார்க்காமலே கால் கோட்டோடு ஒட்டிப் போகிறது. ஓரக்கண்ணுக்குக் கோடு தெரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு அது போதும்.

நடைக்கு அப்புறம் வண்டி. இங்கே உங்கள் மகனுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓரத்தில் நின்று "அம்மா கிளட்ச், அம்மா பிரேக்" என்று கத்துகிற வேலை வேண்டாம், அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அவர் எட்டின் ஒரு வட்டத்துக்கு நடுவில் நிற்கட்டும். நீங்கள் சுற்றி வரும்போது ஒரு கையைத் தூக்கி, விரல்களை மாற்றி மாற்றிக் காட்டட்டும். எத்தனை விரல் என்று நீங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். மூன்று, ஐந்து, இரண்டு. எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் கண் மேலே வந்தே தீர வேண்டும். தரையைப் பார்க்க அவகாசமே கிடைக்காது. 'நிமிர்ந்து பார்' என்று நூறு முறை சொல்லியும் திருந்தாதவர்களை இந்த விரல் விளையாட்டு ஒரே சாயங்காலத்தில் திருத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

பார்வையைச் சரிசெய்தால் கோட்டில் ஏறாமல் இருப்பீர்கள். ஆனால் வண்டி ஆஃப் ஆனது கண்ணால் அல்ல, கையால். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகனுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் தான் என்ன செய்கிறோம் என்று சொல்லத் தெரியாது. அது அவர் குற்றமில்லை. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் வில்பர் ரைட், இடதுபக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிற எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்தாராம். ஒருவர்கூட முழுசாகச் சரியாகச் சொல்லவில்லை. தினமும் செய்கிறார்கள், என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. நன்றாக ஓட்டுகிற மகனோ கணவரோ கற்றுக்கொடுக்கும்போது வருகிற சிக்கல் இதுதான். அவர்களுக்கு அது பழகிப்போய் உள்ளே ஒளிந்துகொண்டது.

வண்டி வேகமாகப் போனால் தானே நிமிர்ந்து நிற்கும், மெதுவாகப் போனால்தான் விழும். நான்காவது கியரில் நன்றாக ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆச்சரியமில்லை. அந்த வேகத்தில் பாதி வேலையை வண்டியே பார்த்துக்கொள்கிறது. 1885-ல் ஜெர்மனியில் டைம்லர், மேபாக் என்ற இரண்டு பொறியாளர்கள் பெட்ரோல் எஞ்சின் வைத்த முதல் இருசக்கர வண்டியைச் செய்தபோது, இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு துணைச் சக்கரம் வைத்திருந்தார்கள், குழந்தைகள் சைக்கிளில் இருக்கிற மாதிரி. நடையை விடச் சற்றே கூடுதலான வேகத்தில் போகிற வண்டிக்கு அது தேவைப்பட்டது. (அந்த வண்டியில் எஞ்சினுக்கு நேர் மேலே இருந்த சீட் ஓட்டத்தில் தீப்பிடித்துக்கொண்டது என்பது தனிக்கதை. உங்களுக்கு ஆஃப் ஆனதோடு போயிற்று.)

மெதுவேகத்தில் அந்தத் துணைச் சக்கரத்தின் வேலையைச் செய்வது எஞ்சினின் இழுப்பு. பின்சக்கரத்துக்கு இழுப்பு போய்க்கொண்டே இருக்கிற வரை, சாய்ந்த வண்டி சாய்ந்தபடியே நிற்கும். இழுப்பு அறுந்த அந்த நொடியில், சாய்ந்த பக்கமே விழும். இரண்டாவது டெஸ்டில் நடந்தது அதுதான். வளைவு இறுக்கமாகத் தெரிந்ததும் பயத்தில் ஆக்சிலரேட்டரை மூடியிருப்பீர்கள். எஞ்சின் திணறியிருக்கும். கிளட்சைப் பிடிக்கவும் நேரமில்லை. ஆஃப். சாய்வு.

ஆக, மூன்று உறுப்புக்கு மூன்று வேலை. வலது மணிக்கட்டு ஆக்சிலரேட்டரைச் சும்மா இருக்கும் சத்தத்தை விடக் கொஞ்சம் மேலே ஏற்றி, அப்படியே வைத்திருக்க வேண்டும். ஏற்றி இறக்கக் கூடாது. எட்டு முழுக்க எஞ்சின் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். இடது கை ஹாஃப் கிளட்சில் இருக்க வேண்டும். கிளட்ச் லிவரை மெல்ல விடும்போது ஓரிடத்தில் வண்டி முன்னால் நகர முண்டும், சீட்டுக்கடியில் அதை உணரலாம். அந்த இடத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு விரல் கன அளவு மட்டுமே லிவர் அசைய வேண்டும். வேகம் கூடினால் கொஞ்சம் அமுக்கு, குறைந்தால் கொஞ்சம் விடு. குழாயைத் திறந்து மூடித் தண்ணீரைச் சரிசெய்கிற மாதிரிதான், ஸ்விட்ச் போடுகிற மாதிரி அல்ல. மூன்றாவது, வலது கால். பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தக் கூடாது, விளக்கு எரிகிற அளவு போதும். எஞ்சின் இழுக்க, பின் பிரேக் லேசாகப் பிடித்துவைக்க, அந்த இரண்டுக்கும் நடுவே வண்டி முறுக்கேறி நிமிர்ந்து நிற்கும். கயிற்றின் இரு முனையையும் இழுத்துப் பிடித்தால் கயிறு தொய்யாமல் இருக்கிறதே, அதுபோல.

முன் பிரேக்? எட்டில் அதை மறந்துவிடுங்கள். விரலே அதன் மேல் இருக்க வேண்டாம். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தரைக்குப் போகும், அதிலும் கண்மூடித் திறக்கும் நேரத்தில். சாலையில் முன் பிரேக்தான் உங்கள் உயிர், அதைப் பிறகு சொல்கிறேன்.

வலது வளைவில்தான் விழுந்தீர்கள் என்று சொன்னது எனக்கு மிகவும் உதவியது. அது தற்செயல் அல்ல. ஹேண்டிலை வலதுபக்கம் முழுக்கத் திருப்பினால் வலது கைப்பிடி உங்கள் வயிற்றை நோக்கி வரும், மணிக்கட்டு மடங்கும். மடங்கும்போது நம்மை அறியாமல் ஆக்சிலரேட்டர் மூடிக்கொள்ளும், அல்லது திடீரென்று திறந்துகொள்ளும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டாண்டில் நிறுத்தி உட்கார்ந்து, ஹேண்டிலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கும் திரும்ப வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். கைப்பிடி உருளாமல் திருப்ப முடிகிறதா? முதலில் முடியாது. வலது ஆள்காட்டி விரலை நீட்டி, ஸ்விட்சுகள் இருக்கிற அந்தப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். அந்த விரல் ஊன்றுகோல் மாதிரி, கைப்பிடி தானாக உருளாமல் பார்த்துக்கொள்ளும். தினம் ஐந்து நிமிடம் இதைச் செய்தால் போதும். தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட ஒரு தட்டை வைத்துக்கொண்டு பழகலாம் என்று ஒரு மாணவி சொன்னார், நான் சோதித்ததில்லை.

உடம்பு விஷயம் இரண்டே வரி. முழங்கால்கள் டேங்கை அணைத்திருக்கட்டும், முழங்கைகள் தளர்ந்திருக்கட்டும். வளைவில் வண்டி உள்ளே சாயும்போது நீங்களும் சேர்ந்து சாயாதீர்கள், வண்டியை மட்டும் சாய விட்டு நீங்கள் நிமிர்ந்தே இருங்கள். இது மெதுவேகத்துக்கு மட்டும். வேகத்தில் கணக்கு வேறு. நேராகப் போகும்போது அவ்வப்போது முழங்கைகளைக் கோழி இறக்கை அடிப்பது மாதிரி ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் ஹேண்டிலை நெரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டெஸ்ட் நடக்கும் இடத்தில் எட்டின் அளவு என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து, பத்து முறை தொடர்ந்து கால் ஊன்றாமல் வந்தால் ஒரு சாண் சுருக்குங்கள். இரண்டாவது வாரக் கடைசியில் டெஸ்ட் அளவுக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது வாரம் அதைவிட ஒரு சாண் சிறிதாகவே போடுங்கள். டெஸ்ட் நாளில் அங்கிருக்கும் எட்டு மைதானம் மாதிரி விசாலமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டுவதை விடத் தினம் இருபது நிமிடம் நல்லது. கிளட்ச் பிடிக்கும் இடது முன்கை வலிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். வலிக்கிற கை தப்பான பழக்கத்தைத்தான் கற்கும்.

இரண்டு வட்டமும் சந்திக்கிற நடுப்பகுதியில் ஒரு ரகசியம் உண்டு. அங்கே ஒரு வண்டி நீளத்துக்கு வழி நேராக இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் பதறிக்கொண்டு போகிறார்கள். அந்த நேர்ப்பகுதி நீங்கள் மூச்சு விடுவதற்கு. வண்டி நிமிரும், அப்போது தலையை முதலில் மறுபக்கம் திருப்புங்கள். பிறகுதான் ஹேண்டில்.

பழகும்போது வண்டி விழும், விழட்டும். நான் சொல்வது, விழுகிற வண்டியைப் பிடிக்கப் பார்க்காதீர்கள் என்பது. 140 கிலோ எடையை ஒரு காலால் தாங்கிப் பிடிக்க முயன்று முழங்காலைப் பிசகிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். தூக்கும்போது குனிந்து கையால் இழுக்காதீர்கள். எஞ்சினை அணையுங்கள், வண்டி உருண்டுவிடாமல் கியரில் போடுங்கள், வலதுபக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலின் கீழ்ப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கால்களால் தள்ளிப் பின்னோக்கி நடங்கள். தொடைக்குத்தான் வேலை, இடுப்புக்கு அல்ல. ஒரு முறை தனியாகத் தூக்கிப் பார்த்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். மகன் 'பயம்' என்று சொல்வதில் பெரும்பங்கு, விழுந்தால் யாராவது வந்து தூக்க வேண்டுமே என்கிற கூச்சம்தான் என்பது என் கணிப்பு. இரண்டாம் டெஸ்டில் அத்தனை பேர் முன்னால் விழுந்தவருக்கு அது இருக்கத்தான் செய்யும்.

ஹெல்மெட் இல்லாமல் பழகுவதை இன்றே விட்டுவிடுங்கள். பாதுகாப்பு ஒருபக்கம். டெஸ்டில் ஹெல்மெட்டோடுதானே தலையைத் திருப்பப் போகிறீர்கள்? பழகாத கனம் அன்றைக்குப் புதிதாகத் தலையில் ஏறினால் கழுத்து திரும்பாமல்தான் போகும். கழுத்தே திரும்பவில்லை என்றால் ஹெல்மெட் உங்கள் அளவுக்குப் பெரிதாக இருக்கலாம், மகனுடையதை மாட்டுகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் அல்ல.

இந்த ஹெல்மெட்டின் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க மோட்டார் சைக்கிளை ஒடித்து, தூக்கியெறியப்பட்டு, தலையில் அடிபட்டு ஆறு நாள் கழித்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது அதையொட்டித்தான். பிற்கால ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்ததில், விபத்தில் சிக்கியவர்களிடையே ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது.

வயதுக்கு வருகிறேன். 41 ஒரு வயதா? என்னிடம் ஓய்வுபெற்ற பிறகு கற்றுக்கொண்டு முதல் முறையிலேயே தேறியவர்கள் உண்டு. பத்தொன்பது வயதில் நான்கு முறை தோற்றவர்களும் உண்டு. வயது கூடியவர்கள் மெதுவாகக் கற்கிறார்கள், ஆனால் மறப்பதில்லை. உயரம் குறைவு என்றாலும் கவலையில்லை. நிற்கும்போது ஒரு கால் முழுதாகப் பதிந்தால் போதும், இரண்டு காலும் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் வாங்கலாமா என்ற கேள்விக்கு, எதற்காக ஓட்டப் போகிறீர்கள் என்பதுதான் பதில். தினம் வேலைக்குப் போய்வரத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் பல நாடுகளில் எந்த வகை வண்டியில் டெஸ்ட் கொடுக்கிறோமோ அந்த வகைக்குத்தான் உரிமம் கிடைக்கும். பிரிட்டனில் கியர் இல்லாத வண்டியில் தேறினால் உரிமத்திலும் அப்படியே கட்டுப்பாடு விழும். இந்தியாவில் கியர் உள்ளது, இல்லாதது என்று உரிமத்திலேயே தனித்தனி வகை. சிங்கப்பூரில் எஞ்சின் அளவை வைத்துப் படிப்படியாக ஏற வேண்டும். நாளைக்கு மகன் வண்டியை எடுக்க ஆசை வந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதோடு, கியர் இல்லாத வண்டியில் எட்டு சுலபம் என்று நினைக்காதீர்கள். ஹாஃப் கிளட்ச் என்கிற உதவி அங்கே கிடையாது, ஆக்சிலரேட்டரும் பின் பிரேக்கும் மட்டும்தான். 'பல வருட ஆசை' என்று எழுதிய கை கியர் வண்டியைத்தான் நினைத்து எழுதியிருக்கிறது என்று தோன்றுகிறது. மூன்றாவது முறை முயலுங்கள்.

கொழுந்தனார் சொன்ன வழி வேண்டாம். சட்டப்படி தப்பு என்பது அவருக்கே தெரியும், அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் தொழில்காரனாகச் சொல்கிறேன். எட்டு என்பது யாரோ உங்களை வதைக்கக் கண்டுபிடித்த வித்தை அல்ல. நெரிசலில் ஊர்ந்துபோகும்போது பக்கத்தில் பேருந்து உரசிக்கொண்டு நிற்க, முன்னால் இருப்பவர் சட்டென்று நின்றுவிட, நீங்கள் நடைவேகத்தில் வண்டியை விழாமல் வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வண்டி ஆஃப் ஆகிச் சாய்ந்தால் அங்கே இருப்பது டெஸ்ட் மைதானத்தின் மண் அல்ல. இரண்டு முறை தோற்றதால் இந்தக் குறை உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

எட்டில் தேறிவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்றும் ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பதில்தான் சொன்னவனாவேன். அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பழைய ஆய்வுதான், ஆனால் கற்றுக்கொடுக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறோம். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல், தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றுக்கொண்டவர்கள். பாதிப் பேருக்கு மேல், விபத்து நடந்த அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லாதவர்கள். இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனத்தை ஓட்டியவர் வழிவிட வேண்டிய இடத்தில் விடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதுகிற வரை ஓட்டுநருக்குக் கிடைத்த அவகாசம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த இரண்டு வினாடியில் பலர் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சக்கரத்தைப் பூட்டியிருக்கிறார்கள், முன் பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்தவே இல்லை.

எட்டில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள் என்றேன் அல்லவா? நேராகப் போகும்போது அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் போய் அழுந்தும், பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் என்னத்தைப் பிடிக்கும்? நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் முன்சக்கரம்தான் செய்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 17 மீட்டர் போகிறீர்கள். பார்த்து, புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடி, 17 மீட்டர் காலி. காய்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் இன்னொரு 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அந்த 20 ஏறத்தாழ இரட்டிப்பாகும். 30 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 8 மீட்டரும் 5 மீட்டரும்தான்.

முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, முதலில் மென்மையாக, எடை முன்னால் இறங்கியது தெரிந்ததும் மேலும் மேலும் இறுக்கமாக. ஏபிஎஸ் இருக்கிற வண்டி என்றால் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும், ஆனாலும் பிழிகிற பழக்கம் வேண்டும். டெஸ்டில் தேறிய மறுநாளே காலியான ஓர் இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து, 30, 40 என்று ஏற்றி இதைப் பழகுங்கள். பிரிட்டனில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்டுவது டெஸ்டிலேயே ஒரு பகுதி. எல்லா நாட்டிலும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வில்பர் ரைட் கேட்ட அந்தக் கேள்விக்கு விடையும் சொல்லிவிடுகிறேன். 20, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் வண்டி இடதுபக்கம் சாய வேண்டுமென்றால், இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதாவது ஹேண்டில் ஒரு கணம் வலதுபக்கம் திரும்பும். நம்ப முடியாது. காலியான நேர்ச்சாலையில் உள்ளங்கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், வண்டி தள்ளிய பக்கமே சாய்ந்து போகும். திடீரென்று குறுக்கே வருகிறவரைத் தவிர்க்க இது தெரிந்திருக்க வேண்டும். எட்டுக்கு இது பொருந்தாது, ஆகவே டெஸ்ட் முடிகிற வரை பரிசோதனை வேண்டாம்.

டெஸ்ட் நாளுக்குச் சில சில்லறை விஷயங்கள். பழகிய அதே வண்டியைக் கொண்டுபோங்கள். புது வண்டியில் கிளட்ச் பிடிக்கிற இடமே வேறாக இருக்கும். முந்தைய நாளே காற்றைச் சரிபாருங்கள், காற்று குறைந்த முன்சக்கரம் மெதுவேகத்தில் மந்தமாகத் திரும்பும். கணுக்கால் மூடிய, அடிப்பாகம் வழுக்காத காலணி. பழகுநர் உரிமத்தின் காலாவதி தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள், இரண்டு முறை தள்ளிப்போனதில் அது முடியும் தறுவாயில் இருக்கலாம். கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தோளுக்கு மேல் தலையைத் திருப்பியும் பாருங்கள். கண்ணாடிக்குத் தெரியாத இடம் அங்கேதான் இருக்கிறது, தேர்வு அதிகாரியும் அதைத்தான் கவனிப்பார். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரை அணைக்க மறக்காதீர்கள். உங்கள் முறை வருகிற வரை மற்றவர்கள் போடுகிற எட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், அவர்கள் தோற்பதைப் பார்த்துத்தான் கை நடுங்கும். மகனைக் கூட்டிப்போங்கள், ஆனால் எட்டுக்கு நேர் எதிரில் நிற்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்க்கத் தலை தானாக நிமிரும். விரல் மட்டும் காட்ட வேண்டாம், அதிகாரி வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.

முடிவு எதுவானாலும் எழுதுங்கள். மறுபடியும் வண்டி சாய்ந்தால், எந்தப் பக்கம் சாய்ந்தது, அந்த நேரத்தில் எஞ்சின் சத்தம் ஏறியதா இறங்கியதா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.